சாம்பல் புதனன்று ஒரு பகல் காட்சி

வாருங்கள், கள்ளிக்குப்பத்திற்கு வந்து பாருங்கள்! தாய் இறந்தபோது அழாத மகளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அழுவதற்கு அவள் ஓரிடம் தேடிப் போனபோது, அதையும் பாவம் என்றார்கள். இந்த அநீதிக்கு நீங்களே சாட்சி!

அவள் பெயர் ஹெலினா. அம்மாவை அடக்கம் செய்த அன்று, வந்தோர்க்கெல்லாம் காபி கொடுத்தவள். உடைந்துபோன அப்பா ராயப்பனைத் தாங்கிப் பிடித்தவள். அவளுக்கு அழ நேரம் ஏது?

சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள்... காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டவள், வீடு திரும்ப மனமின்றி அம்பத்தூர்த் திரையரங்கு ஒன்றின் பகல் காட்சிக்குள் நுழைந்தாள். திரையில் ஒரு தாய், மகளுக்குத் தலை வாரியபடியே கண் மூடினாள். அடைத்துக் கிடந்த அழுகை உடைந்தது.

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கைக்குட்டை நீண்டது.

"மெதுவா அழுங்க... எனக்கும் வருது."

சீறித் திரும்பினாள். "நான் அழுதா உங்களுக்கு இன்னா?"

திரையொளியில் அவன் கண்கள், மழை விட்ட இலைகளாய் மின்னின... நெற்றியிலோ சாம்பல் சிலுவை!

"கோயில்ல கீபோர்டு வாசிக்கிற அருள்தானே? தவக்காலத்துல சினிமாவா?"

"உங்க நெத்தியில கீறது இன்னா, பவுடரா?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"பாப்கார்ன் வாங்கலீங்க. இன்னிக்கு ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான்!" என்றவன் குரல் தாழ்ந்தது. "பொங்கலோட வேலை போச்சு. ஊட்ல சொல்லல. ஆபீஸ் போறேன்னு வந்து, அழற படமா பாத்துகினு கீறேன்... மனசு லேசாவுது."

இருவரும் வெளியே வந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள்.

அந்த வாரம் ராயப்பன் வீட்டில், தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியச் செபக் கூட்டம். செபம் முடிந்ததும் அத்தை ஆரோக்கியம்மாள் எழுந்தாள்.

"ஆத்தா போயி வருசம் திரும்பல. பட்டப்பகல்ல ஒரு பையனோட சினிமா! யாருடி அவன்?"

ஹெலினா வாய் திறக்கவில்லை. பெயரைச் சொன்னால் அவன் மறைத்த துயரம் அவன் தாய்முன் வெளிப்படுமே!

தாய் சுசீலாவின் அருகில் தலைகுனிந்திருந்தான் அருள். மானம் ஒரு கணம் அவன் தோளை அழுத்தியது... மறுகணம் எழுந்தான்.

"நான்தான் ஆன்ட்டி."

"ஆபீஸ் நேரத்துலயாடா?" என்றாள் சுசீலா.

"ஆபீஸ் இல்லம்மா. வேலை போச்சு." அவன் கூட்டத்தைப் பார்த்தான். "இந்த ஊட்ல யாராவது அவங்கள அழ வுட்டீங்களா? வுட்டிருந்தா தியேட்டருக்கு ஏன் வர்றாங்க?"

சுசீலா மகனின் கையைப் பற்றினாள். ராயப்பன் குரல் உடைந்தது. "அடுத்த தபா என்னையும் இட்டுகினு போம்மா..."

அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வாசலில் அருள் தயங்கி நின்றான். "ஹெலினா... உங்க பக்கத்து சீட்டு, எப்பவும் எனக்கு வேணும்."

அவள் கண்கள் தாழ்ந்தன... உதடு சிரித்தது. "ஈஸ்டர் முடியட்டும். டிக்கெட் நான் எடுக்கறேன். கர்சீப் மட்டும் ரெண்டா எடுத்துகினு வாங்க!"

கேளுங்கள்! உங்கள் வீட்டிலும், கண் கலங்காமல் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. இன்றே அவள் கையிலிருக்கும் தட்டை வாங்குங்கள். அவளை உட்காரவையுங்கள். அழவிடுங்கள்!