வாக்குப்பெட்டியும் வெள்ளிக்கிழமைச் சாப்பாடும்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மாணவர் சங்க அறையைத் திறந்தார்கள். வாக்குப்பெட்டியைக் காணோம்.

பூட்டு உடையவில்லை. யன்னல் கம்பி வளையவில்லை. மேசைமேல் இருந்த மைப்போத்தல்கூட அசையவில்லை. தகரப் பிஸ்கட் பெட்டியில் துளை போட்டு, அரக்கு முத்திரை வைத்த அந்த வாக்குப்பெட்டி மட்டும் மாயமாகிவிட்டது.

1957ஆம் ஆண்டு அது. பதுளை நகருக்கு மேலே மேட்டில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தமிழ்ப் பிரிவில் தலைவர் தேர்தல். வெள்ளிக்கிழமை வாக்களிப்பு, திங்கட்கிழமை எல்லோர் முன்னிலையிலும் எண்ணிக்கை என்பது ஏற்பாடு. கணக்கு விரிவுரையாளர் ஞானேஸ்வரி டீச்சர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு முதலில் வந்தது கோபமல்ல, ஆச்சரியம். இந்தச் சங்கத்தில் திருடுவதற்கு என்ன இழவு இருக்கிறது? வருடத்துக்கு ஒருமுறை தேநீர் விருந்து வைப்பதைத் தவிர அது எதையும் கிழித்ததில்லை. அபேட்சகர் இருவரும்கூட விரும்பி நின்றவர்கள் அல்ல. தேர்தலுக்கு ஆள் நிறுத்தும் கூட்டம் நடந்தபோது ஸரூக் சாப்பிடப் போயிருந்தான், நல்லையா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். அறையில் இல்லாதவர்கள் என்பதால் இருவரின் பெயரையும் போட்டுவிட்டார்கள்.

கல்லூரி அதிபர் பத்மநாதன் அரைமணி நேரத்தில் கள்ளனைப் பிடித்துவிட்டார். பிடித்ததாக நினைத்துக்கொண்டார் என்பதுதான் சரி.

"நல்லையாதான். தோத்துப் போவனெண்ட பயம். வெள்ளிக்கிழமை சாக்கு மூட்டையோட பஸ் ஏறினவன். கண்ட ஆக்கள் இருக்கினம்."

"அது அழுக்குத் துணிங்க சேர்," என்றான் நல்லையா.

"கதை விடாதையும். பின்னேரத்துக்குள்ள பெட்டி வரோணும். இல்லாட்டி உம்முடைய டிரங்குப் பெட்டியைக் கட்டும்."

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பரா ஒன்றில் இருந்துகொண்டு கொழுந்தெடுக்கும் பெரியாயியின் மகன் அவன். அந்தத் தோட்டத்திலிருந்து வாத்தியாராகப் போகிற முதல் ஆள். டிரங்குப் பெட்டியோடு திரும்பிப் போய் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது? சுற்றி நின்ற மாணவர்களைப் பார்த்தான். ஒருவன் கூரையைப் பார்த்தான், ஒருத்தி நகத்தைப் பார்த்தாள். ஞானேஸ்வரி டீச்சர் முன்னால் வந்தார்.

"சேர், பின்னேரம் வரைக்கும் இதை எனக்கு விடுங்கோ," என்றார்.

முதலில் முன்னாள் தலைவர் செல்வரத்தினத்தைக் கூப்பிட்டார். தேர்தலை நடத்திய அதிகாரியும் அவன்தான். கழுத்தில் டை, பேச்சில் மேடை.

"சங்க அறைப் பூட்டின்ரை திறப்பு எங்க இருந்தது?"

"விடுதி ஆணியில கொழுவினனான் டீச்சர். ஆரும் எடுக்கலாம்."

"வாக்களிப்பு எப்பிடி?"

"அதையேன் கேக்கிறியள்! பன்னிரண்டரைக்குத் துடங்கி ரெண்டரை வரைக்கும் ஒரே நெரிசல். சீட்டுக் கிழிச்சுக் குடுத்துக் கை நொந்துபோச்சு. எல்லாரும் போட்டவை. சனநாயகம் எண்டால் அதுதான்!"

அடுத்து ஸரூக். பசார் துணிக்கடைக்காரரின் மகன்.

"வாக்குப் போட்டனீரோ?"

"போட்ட டீச்சர்." கேள்வி முடியுமுன்னே பதில் வந்தது. வாக்களிக்காதவர்களுக்கு வாரக்கடைசி லீவு இல்லை என்று அதிபர் ஏற்கெனவே பயமுறுத்தியிருந்தார்.

"சரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ன சாப்பாடு?"

இதென்ன கேள்வி என்று ஸரூக் முழித்தான். ஆனால் சாப்பாட்டுக் கதை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஜும்ஆ தொழுதிட்டு, எங்கட ஆளுகள் எல்லாரும் வாப்பாட கடைக்குத்தான் போன. உம்மா புரியாணி அனுப்பியிருந்த. மூணு மணி வரைக்கும் அங்கதான் திண்டுட்டு இருந்த டீச்சர்!"

அரச அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்தவரின் மகள் சரோஜாதேவி வந்தாள். அவளும் வாக்குப் போட்டாளாம்.

"என்ன சாப்பிட்டனீர்?"

"வெள்ளி விரதமெல்லோ மிஸ்! யாழ்ப்பாணத்துப் பிள்ளையள் எல்லாரும் வகுப்பு முடிஞ்ச கையோட முருகன் கோயிலுக்குப் போனனாங்கள். பூசை முடிய மூண்டு மணி. பிறகுதான் பொங்கல் தந்தவை."

கடைசியாக நல்லையா. கண் சிவந்திருந்தது.

"நானும் ஓட்டுப் போட்டேங்க..."

"அதை விடும். வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டனீர்?"

"பசறையில பஸ்ஸு நின்னப்போ ரொட்டியும் சம்பலுங்க. தோட்டத்துப் பக்கம் போறவங்க எல்லாரும் ஒண்ணாத்தான் போனோம். பன்னெண்டே காலு பஸ்ஸ விட்டா அடுத்தது சனிக்கிழமதானுங்களே."

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லையா பயந்துபோனான்.

பின்னேரம் மூன்று மணி. மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள்.

"சேர், பெட்டியை எடுத்தது செல்வரத்தினம்," என்றார் டீச்சர்.

செல்வரத்தினம் டையைத் தளர்த்தினான். "நானோ? எனக்கென்ன லாபம்? நான் அபேட்சகனுமில்லை!"

"அதுதான் எல்லாரும் விட்ட பிழை. வெல்லுறவன் ஆர், தோக்கிறவன் ஆர் எண்டு பாத்தியள். பெட்டிக்குள்ள என்ன இருந்ததெண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் பிள்ளையள் பள்ளிவாசலில. யாழ்ப்பாணத்துப் பிள்ளையள் கோயிலில. தோட்டத்துப் பிள்ளையள் பஸ்ஸுக்குள்ள. இங்க ஆர் நெருக்கியடிச்சது? பேயோ?"

வாக்குப் போட்டதாகச் சொன்ன ஸரூக் மெல்லத் தலையைக் குனிந்தான்.

"வெறும் பெட்டி சேர்! அபேட்சகர் ரெண்டு பேரும்கூடப் போடேல்லை. எல்லாரும் போட்டதெண்டு சொன்ன ஒரே ஆள் இவர். எல்லாருக்கும் முன்னால திறந்தால் மானம் போகும். திறப்பை ஆணியில கொழுவினதும் இவர்தான். எங்க தம்பி பெட்டி?"

செல்வரத்தினம் தொப்பென்று மர வாங்கில் உட்கார்ந்தான். "கட்டிலுக்குக் கீழ, டீச்சர்."

"உள்ளுக்குக் கொஞ்சம் கள்ள வாக்காவது போட்டிருக்கலாமே?" அதிபர் தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

"யோசிச்சனான் சேர். அவ்வளவு சீட்டையும் மடிக்கப் பஞ்சியாய்க் கிடந்தது."

கள்ள வாக்குப் போடவும் சோம்பல்! சிரிப்பு அடங்கவே நேரம் எடுத்தது. அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு அப்பாவிப் பெடியன்ரை படிப்பைக் கெடுக்கப் பாத்தீர். நீர் உம்முடைய டிரங்குப் பெட்டியைக் கட்டும்."

செல்வரத்தினம் சுற்றிலும் பார்த்தான். மறுபடியும் கூரை, மறுபடியும் நகம்.

பின்வரிசை வாங்கிலிருந்து நல்லையா எழுந்தான்.

"சேர், அவரு செஞ்சது தப்புதாங்க. எனக்கு வயிறு எரியுது. ஆனா காலையில என்னையப் போகச் சொன்னப்போ எனக்காகப் பேச இதுல ஒரு ஆளு இல்லீங்க. டீச்சர் மட்டுந்தான். அந்த மாதிரி நிக்கிறது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவர அனுப்பாதீங்க. வேற தண்டனை குடுங்க."

சரோஜாதேவி கண்ணைத் துடைத்தாள். அதிபர் நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, ஒரு மாதம் விடுதி முற்றம் கூட்டும்," என்றார்.

ஸரூக் துள்ளி எழுந்தான். "சேர், நல்லையாவே தலைவராக இருக்கட்டும்! இனி என்னத்துக்கு எலெக்சன்?"

"ஓம், ஓம்!" என்று மண்டபம் முழுக்கக் கை உயர்ந்தது. வேலை மிச்சம் என்ற நிம்மதி அத்தனை முகத்திலும் வழிந்தது.

"கையைக் கீழ விடுங்கோ, பஞ்சி பிடிச்சதுகளே!" ஞானேஸ்வரி டீச்சர் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. "புதன்கிழமை காலமை வந்து, வரிசையில நிண்டு, போடுங்கோ!"

புதன்கிழமை வரிசை வாசற்படி தாண்டி முற்றம் வரை நீண்டது. முதல் ஆளாக நல்லையா நின்றான். அவனுக்குப் பின்னால், விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செல்வரத்தினம்.