ராணியின் இடது காது

கட்டி மறுபடியும் முளைத்திருந்தது.

நேற்று மதலேனா தன் கையாலேயே அடுப்பில் போட்டு எரித்த அதே கட்டி, இன்று பூனை ராணியின் இடது காதுக்குள் முன்பைவிடப் பெரிதாக, நனைந்த நாவற்பழம் போல மினுங்கியது. மஹய்யாவவில் விடியலிலிருந்தே தூறல். பூண்டு காய்ச்சிய தேங்காயெண்ணெயின் மணத்தையும் மீறிக் காதுச் சீழின் வாடை பாயிலும் சேலையிலும் மதலேனாவின் சோற்றிலும் ஏறியிருந்தது. ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம் குட்டியாக வந்த பூனைக்கு இப்போது வயது பதினாறு. அது தலையை உதறும் ஓசை, ஈரத்துணியைச் சுவரில் அடிப்பது போல, நாள் முழுதும் கேட்டது.

எல்லாம் செய்தாயிற்று. மாட்டு வைத்தியர், "கிழட்டுப் பூனைக்கா வைத்தியம்?" என்று சிரித்தார். கடைசியில், மருவுக்குக் கட்டுவது போல, குதிரைவண்டிக் கறுப்பையா கொடுத்த வால்முடியால் கட்டியின் காம்பை இறுக்கினாள். உதிர்ந்தது. முளைத்தது. மறுபடி கட்டினாள். உதிர்ந்தது. முளைத்தது.

பூசை முடிந்து வந்த கணவன் யாகப்பர் குடையை வாசலில் உதறினார்.

"கோயில்லயும் என் சட்ட நாறுது. பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சே போயிட்டான்."

"இன்னொரு தடவ கட்டிப் பாக்குறேங்க."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. சோறு திங்கிறதுக்குள்ள பாரு. இல்லாட்டி சாக்குல கட்டி மகாவலி ஆத்துல விட்டுருவேன்."

பின்னறையில் ராணியை மடியில் கிடத்தி, முடியைச் சுற்றி இறுக்கினாள். உதிரும்வரை காத்திருக்க இனி நாளில்லை. ஆத்திரத்தோடு இழுத்தாள்.

பூனை கத்தவில்லை.

கட்டி வந்தது. அதன் பின்னால் வேர் வந்தது. விரல் நீளம். இன்னும் வந்தது. ஒரு சாண். இரத்தமே இல்லை. முழுதும் கழன்று இடது உள்ளங்கையில் சுருண்டது. பார்க்கப் பிடிக்காமல் கையை மூடினாள்.

பிறகு அந்த ஓசை. குர்ர்ர். சுகமாய்ப் படுத்த பூனையின் ஓசை.

"என்னாங்க! வந்திருச்சு! சாக்கு வேணாம்!"

வலது கையால் ராணியின் வயிற்றைத் தடவினாள். மூச்சுக்கு வயிறு ஏறவில்லை. அழுத்தினாள். இறங்கவுமில்லை. கண்கள் திறந்தபடி. உடம்பு குளிர்ந்திருந்தது.

ஓசை நிற்கவில்லை.

யாகப்பர் வாசற்படியில் வந்து நின்றார். "அட, நல்லாத்தானே இருக்கு. குர்ருங்கிறது முன்வாசல் வரைக்கும் கேக்குதே புள்ள."

மதலேனாவின் மூடிய இடது கைக்குள், வெதுவெதுப்பாக, ஏதோ மெல்லச் சோம்பல் முறித்தது.