சனிக்கிழமை தாழும் கார்

தொண்ணூற்றாறில், ஆடிக் காற்று அடங்கின சமயம், சேரன்மகாதேவியில் குற்றாலலிங்கம் பிள்ளை வீட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆற்றைப் பார்த்துப் போகிற தெருவில் கடைசி வீடு. பெரிய வீடுதான், பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. ஒரு காலத்தில் வயலும் களமுமாக இருந்தவர்கள். பிள்ளை சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். என்னை உட்காரச் சொல்லவில்லை. நேரே கார் ஷெட்டுக்குக் கூட்டிப் போனார்.

கறுப்பு நிறம். ஜெர்மன்காரன் செய்த பெரிய கார். அவருடைய அப்பா ஆவுடையப்ப பிள்ளை பம்பாயில் ஒருவரிடம் வாங்கியது. புதிதாக இருந்தபோது அது நின்றால் தெரு கூடிப் பார்க்குமாம். நான் பார்த்தபோது வயது இருபதுக்கு மேல் ஆகியிருந்தது.

"என்ன வே, ஓட்டிருவீரா?"

"ஓட்டுதேன். ஆனா இதுல என்னென்ன கோளாறுன்னு இப்பவே சொல்லிருங்க. பொறவு இந்த ஐயம்பெருமாள் வந்துதான் கெட்டுப்போச்சுன்னு என்னைச் சொல்லக் கூடாது."

வயரிங்கில் சின்னக் கோளாறுதான், மேலப்பாளையத்தில் ஷேக் மைதீன் என்று ஒருத்தன் துபாயில் இந்த ரகக் காரெல்லாம் பார்த்தவன், அவனிடம் விடலாம் என்றார். அதைச் சொல்லும்போது காரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். வண்டியைக் கையில் கொடுக்கிறவன் வண்டியைப் பார்க்காமல் பேசினால் எதையோ மறைக்கிறான். எனக்கு அது போதும்.

கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. பாகு காய்ச்சின மாதிரி இனிப்பு. அதற்கு அடியில் வேறு ஏதோ. திருநீறா, வாடின வெற்றிலையா, பிடிபடவில்லை.

அந்தக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் நாலு காற்றுப்பை. அதன் மேல்தான் வண்டி மிதக்கும். சில நாள் காலையில் ஷெட்டைத் திறந்தால் பின்பக்கம் இடது மூலை மட்டும் தாழ்ந்து நிற்கும். சக்கரம் மட்கார்டுக்குள் புதைந்து கிடக்கும். கதவுப் பூட்டும் காற்றில் வேலை செய்வதுதான். இஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நிற்பேன். கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து ஒரு நீளமான மூச்சு கேட்கும். பின்கதவுப் பூட்டின் குமிழ் தானாக இறங்கும்.

ஷேக் மைதீனிடம் கொண்டுபோய் விட்டேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். ரப்பர் வெடித்துக் காற்று கசிகிறது. பூட்டுக் குழாயில் ஓட்டை. இனிப்பு வாசனை ஹீட்டருக்குள் ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகுவதால். கண்ணாடியில் உள்பக்கம் பனி பிடிப்பதும் அதனால்தான். உள் விளக்கு தானாக எரிவது வயரின் தோல் உரிந்ததால்.

"ஜின்னு வந்து குடியிருக்க இது என்ன புளியமரமா பெரியவரே? வயசாச்சு. உமக்கு மூட்டு தேயல? அது மாதிரிதான்."

நான் அவனையும் நம்பவில்லை. பக்கத்திலேயே நின்று, புதுக் காற்றுப்பை மாட்டுகிறானா, பழையதைக் கழுவி மாட்டுகிறானா என்று கண்ணால் பார்த்தேன். புதுசுதான் மாட்டினான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம் ஷெட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இஞ்சின் ஓடவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. என் கண் முன்னால் இடது பின்மூலை தாழ்ந்தது. கசிந்தால் பைய, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இது அப்படி இல்லை. முதலில் ஒரே அமுக்காக இறங்கியது. பிறகு இடுப்பை அசைத்து வாகாக உட்காருவது போல இன்னும் கொஞ்சம்.

உள்ளே மூச்சு கேட்டது.

குமிழ் இறங்கியது.

அன்றைக்குச் சனிக்கிழமை. யோசித்துப் பார்த்தேன். இதற்கு முன் தாழ்ந்து நின்ற நாள் எல்லாமே சனிக்கிழமைதான்.

அப்போதும் எனக்குப் பேய் நினைப்பு வரவில்லை. வீட்டுக்காரர்கள் மேல்தான் சந்தேகம் வந்தது. பிள்ளை எப்போதும் முன்னால்தான் உட்காருவார். அவர் சம்சாரம் உலகம்மாள் பின்னால் வலது ஓரத்தில் உட்காருவாள். அவர்கள் ஒரே மகள் மதுமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் கூட வரும் நாளிலும் இரண்டு பேரும் வலது பக்கமே நெருக்கியடித்து உட்காருவார்கள். இடது பக்கம் காலியாகவே இருக்கும். ஏனம்மா என்று கேட்டதற்கு, அங்கே கம்பி குத்துகிறது என்றாள் உலகம்மாள். நான் கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு கம்பியும் குத்தவில்லை. ஆனால் வெயிலில் நின்ற வண்டியில் அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. வாய்க்கால் எல்லாம் கரை தொட்டு ஓடின. பிள்ளை மதுரைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஆகுமுன்னே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. டெலிபோன் செத்துக் கிடந்தது. மதுமதிக்கு நாள் இன்னும் இருந்தது. ஆனால் வலி வந்துவிட்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, குழந்தை திரும்பிக் கிடக்கிறது, பாளையங்கோட்டைக்கே கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காரை நம்பாமல் டாக்சிக்காரர்களைப் போய்க் கேட்டேன்; அந்த மழையில் ஒருத்தரும் வர மாட்டேன் என்றார்கள்.

ஷெட்டைத் திறந்தேன். இடது மூலை தாழ்ந்து நின்றது. உலகம்மாள் அதைப் பார்த்தாள். வேறு வண்டி கிடைக்காதா என்று கேட்டாள். உள்ளே மகள் கத்துகிற சத்தம் கேட்டது. உடனே திரும்பி உள்ளே ஓடினாள்.

மதுமதியைப் பின்னால் படுக்க வைத்தோம். தலை வலது ஓரத்தில் தாயின் மடியில். கால் இடது பக்கம்.

கோபாலசமுத்திரம் தாண்டும் வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. அதற்கப்புறம் ரோட்டுக்கு இடது பக்கம் பாளையங்கால்வாய் கூடவே வந்தது. செந்தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு போயிற்று. வைப்பர் ஒரு தரம் அடித்து நின்றது. உள்விளக்கு மஞ்சளாக எரிந்தது. இனிப்பு வாசனை கிளம்பியது. கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து வெள்ளை படர்ந்தது.

இஞ்சின் இருமி நின்றது.

வண்டியை ஓரத்தில்தான் உருட்ட முடிந்தது. தண்ணீர் ஏறியிருக்கும், இறங்கித் துடைத்தால் சரியாகும் என்று கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. குமிழை விரலால் பிடித்து இழுத்தேன். யாரோ கீழேயிருந்து பிடித்திருந்த மாதிரி அது அசையவில்லை.

மழைச் சத்தம் மட்டும்.

"அம்மா" என்றாள் மதுமதி. வலியில் கத்துகிற குரல் இல்லை அது. தணிந்த குரல். "என் காலை யாரு மடியில தூக்கி வச்சிருக்கா?"

"நான்தாம்மா" என்றாள் உலகம்மாள்.

நான் மேல் கண்ணாடியில் பார்த்தேன். உலகம்மாளின் இரண்டு கையும் மகள் தலையில் இருந்தன.

வண்டி இடது பக்கம் தாழ்ந்தது. அடியில் கரை மண் இளகி நழுவுவது எனக்கு இடுப்பில் தெரிந்தது. கால்வாய் ஒரு முழம் தள்ளித்தான் ஓடியது.

"அம்மா, எங்கிட்ட என்னத்த மறைக்கீங்க?" என்று கேட்டேன். "இனியும் மறைச்சா மூணு பேரும் தண்ணிக்குள்ள."

"மாமா இங்கனதான் போனாக, அண்ணாச்சி" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப, இதே எடத்துல. அன்னைக்கும் சனிக்கெழம."

மிச்சத்தைத் திக்கித் திக்கிச் சொன்னாள். அன்றைக்கு வண்டி ஓட்டியது பிள்ளை. பெரியவர் ஆவுடையப்ப பிள்ளை பின்னால் இடது பக்கம் சாய்ந்தபடி மருமகள் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார். வெளியே செத்தவரை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வாசலில்தான் கிடத்த வேண்டும். அவ்வளவு பெரிய மனுஷனைத் தெருவில் போடுவதா என்று பிள்ளைக்கு மானம் தடுத்தது. வண்டியைத் திருப்பினார். பிணத்தின் தோளில் துண்டைப் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து, தெருக்காரர்கள் காதில் விழும்படி "பைய வாங்கப்பா, பைய" என்று பேசிக்கொண்டே உள்ளே நடத்திக்கொண்டு போனார்கள். கட்டிலில் படுக்க வைத்து வாயில் பால் ஊற்றினார்கள். விடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை, அழுதார்கள்.

சனிக்கிழமை செத்தவர் துணை தேடுவார். அதனால் எங்களைப் போன்றவர்கள் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிடுவோம். சைவப் பிள்ளைமார் உயிரைக் கட்ட மாட்டார்கள், தேங்காய் கட்டுவார்கள். இவர்கள் அதையும் கட்டவில்லை. கட்டினால், ஞாயிற்றுக்கிழமை செத்தவருக்கு எதற்குத் தேங்காய் என்று தெரு கேட்குமே.

ஒரு தேங்காய். அதற்குப் பதிலாக என்ன கேட்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

மதுமதியின் கண் மேலே சொருகியது. "கால் ஐஸா இருக்கு" என்றாள். "வயித்துக்கு ஏறுதும்மா."

நான் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தேன். அந்த இடது மூலையில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தோல் மெத்தை மட்டும் ஆழமாக அமுங்கியிருந்தது. மதுமதியின் பாதம் மெத்தையில் படாமல் சற்று மேலே இருந்தது.

நான் சாமியாடி இல்லை. மந்திரம் எதுவும் தெரியாது. மனுஷனிடம் பேசுகிற மாதிரித்தான் பேசினேன்.

"ஐயா, துணைக்குத்தான ஆள் தேடுதீங்க. இது உங்க பேத்தி. வயித்துல கெடக்கது உங்க ரத்தம். அதுகளக் கூட்டிட்டுப் போயி நீங்க என்ன செய்யப் போறீங்க? நான் ஒண்டிக்கட்டை. எனக்கு அழ ஆளு கெடையாது. எனக்கு நேரம் வரும்போது நம்ம ரெண்டு பேருமாப் போவோம். அதுவரைக்கும் நீங்க எங்கூட இருந்துக்கிடுங்க."

கரையிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

பிறகு பின்னால் தோல் மெத்தை கிறீச்சிட்டது. வயசான ஆள் கையை ஊன்றி எழுந்திருக்கும் சத்தம். இடது மூலை மேலே வந்தது. மதுமதியின் கால் பொத்தென்று இருக்கையில் விழுந்தது. அவள் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் என் காதுக்கு அவ்வளவு நல்லதாக இருந்தது.

நாலு குமிழும் ஒன்றாக எழுந்தன.

சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் முன்னால், எனக்குப் பக்கத்து இருக்கை பைய அமுங்கியது. வெற்றிலையும் திருநீறும் கலந்து வாசனை அடித்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாளையங்கோட்டை போய்ச் சேரும் மட்டும் ரோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

ஆண் குழந்தை. அறுத்துத்தான் எடுத்தார்கள். தாயும் சேயும் பிழைத்துக்கொண்டார்கள்.

மதுரையிலிருந்து வந்த பிள்ளை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐயரைக் கூப்பிட்டு என்னவெல்லாமோ செய்தார். சுடுகாட்டில் ஒரு தேங்காயையும் கொண்டுபோய்ப் புதைத்தார். உலகம்மாள் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். நடந்த பேச்சு அவளுக்குத் தெரியும்.

ஷேக் மைதீன் வண்டியைத் திறந்து பார்த்தான். பிளக்குக்குக் கரண்ட் பிரிக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கீறல் விட்டிருக்கிறது, ஈரம் ஏறி இஞ்சின் நின்றிருக்கிறது, சூட்டில் காய்ந்ததும் ஓடியிருக்கிறது என்றான். காற்றுப்பை கல்லு மாதிரி இருக்கிறது, தாழ வழியே இல்லை என்றும் அவனே சொன்னான். நான் சரி என்றேன். அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் அது தாழவில்லை. தூத்துக்குடியில் ஒரு உப்பு வியாபாரி வாங்கிக்கொண்டு போனார். இதுவரை ஒரு குறையும் சொல்லவில்லையாம்.

நான் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். எங்கே போனாலும் பஸ்தான். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், படிக்கட்டில் ஆள் தொங்கினாலும், எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கைப்பிள்ளைக்காரிகூட அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்கிறாள்.

போன வாரம் வீரவநல்லூரில் ஒருத்தன் ஏறினான். பாவம், மூட்டையோடு அலுத்து வந்தவன். பார்க்காமல் என் பக்கத்தில் உட்காரப் போனான். பாதி உட்கார்ந்தவன் சட்டென்று எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க ஐயா, கவனிக்கல" என்றான்.

அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.