கஷாயக்காரரைக் காணவில்லை

போன் அலறியது.

எஸ்.ஐ. கலையரசி எடுத்தாள்.

"அம்மா... போடிமெட்டு ரோட்டுல, கொண்டை ஊசி வளைவுல ஒரு பைக்கு நிக்கிது. சாவி அதுலயே தொங்குது. ஆளக் காணோம். கீழ பெரிய பள்ளம்..."

பைக் ஜக்கையனுடையது. பித்தப்பைக் கல்லைக் கரைத்துவிடுவேன் என்று சொல்லி, சிலமலையில் கஷாயம் விற்பவர்.

பள்ளம் முழுக்கத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. விளிம்பில் ஒற்றைச் செருப்பு மட்டும்...

மறுநாள் ஜக்கையனின் மனைவி முனியாயி ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"ஈஸ்வர்தாம்மா கொன்னுருப்பான். வீட்டு வாசல்ல வந்து, 'ஒன்னைய மலையில இருந்து உருட்டி விட்டுருவேன்'னு கத்துனான். ஊரே கேட்டுச்சு."

ஈஸ்வர், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். அவன் மனைவி ரோஜா, ஆபரேஷன் வேண்டாமென்று மாதக்கணக்கில் ஜக்கையனின் கஷாயத்தைக் குடித்தவள். இப்போது கண்ணெல்லாம் மஞ்சளாகி, தேனியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

கலையரசி ரோஜாவின் டாக்டரைப் போனில் பிடித்தாள்.

"சார், அந்தக் கஷாயம் கல்லக் கரைக்குமா?"

"கரைக்கும்னு சொல்ல ஆதாரம் எதுவும் இல்லம்மா. முறையா யாரும் சோதிச்சதே இல்ல. வலி நின்னவங்க அவருகிட்டப் போய்ப் புகழுறாங்க. நிக்காதவங்க எங்ககிட்ட வர்றாங்க."

கொலைக்கு இந்தக் காரணம் போதும்...

ஈஸ்வரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"நேத்துக் காலையில ஒன் ஜீப்ப மெட்டுல பாத்துருக்காங்க. ஜக்கையன் அதுல இருந்தாரா?"

ஈஸ்வர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான்.

"ஒன்னையத்தான் கேக்குறேன்."

"இருந்தாரு."

"இப்ப எங்க?"

"அத மட்டும் கேக்காதீங்கம்மா."

"கொலைக் கேசுல உள்ள போனா ரோஜாவ யாருடா பாப்பாங்க?"

அவன் கண் கலங்கியது.

கலையரசிக்கு உறுத்தியது. ஏற்றியதை ஒப்புக்கொள்கிறவன், இறக்கிய இடத்தை ஏன் மறைக்கிறான்?

மேஜை மேலிருந்த ஈஸ்வரின் செல்போன் சிணுங்கியது. ஸ்பீக்கரில் போட்டாள்.

மலையாள வாடையடிக்கும் பெண் குரல்.

"ஆஸ்பத்திரியில இருந்தாணு. ஜக்கையனோட வந்த ஆளு தானே? ஆபரேஷன் கழிஞ்சு. பித்தப்பை எடுத்தாச்சு. ஆளு சுகமா இருக்கு. துணைக்கு யாராவது வரணும்."

கலையரசி ஈஸ்வரைப் பார்த்தாள்.

"உருட்டி விடத்தாம்மா பின்னாலயே போனேன். ரோட்டோரமா வயித்தப் புடிச்சுக்கிட்டுத் துடிச்சுட்டு இருந்தாரு. ரோஜாவும் இப்படித்தான் துடிச்சா... மனசு கேக்கல. செருப்பு கழண்டதக்கூடப் பாக்காம ஜீப்புல தூக்கிப் போட்டுக்கிட்டு கேரளா பார்டர் தாண்டிட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு ரோஜா மேல சத்தியம் வாங்கிட்டாரு. அவ கெடக்குற நெலமையில எப்படிம்மா மீறுவேன்?"

கலையரசியின் குரல் இறங்கியது.

"வெரசாக் கெளம்பு. ஒன் பொண்டாட்டியப் போய்ப் பாரு."

மாலையில், மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில், காக்கிச் சட்டையைக் கண்டதும் ஜக்கையன் போர்வையை முகம்வரை இழுத்தார்.

"மோசடிக் கேசு ஒண்ணு காத்திருக்கு. அது கெடக்கட்டும்... ஏண்ணே, ஊருக்கெல்லாம் ஊத்துன கஷாயத்துல நீங்க ஒரு மடக்குக் குடிச்சிருக்கலாம்ல?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆராய்ச்சியே பண்ணாத மருந்தும்மா அது... எப்படி நம்பி வாயில ஊத்துறது?"