முதலில் அழைத்தவர்

நிலவூரில் பொழுது விடிந்தால் பால் பாக்கெட்டோடு அன்றைய காற்றுக் குப்பியும் வாசலுக்கு வந்துவிடும். ரத்தினபாய் இரண்டையும் எடுத்து உள்ளே வைத்தாள்.

"ஏங்க, நாலாம் சுரங்கத்துக் கீரைப் பண்ணை வரைக்கும் போயிட்டு வாரேன்."

"ம்" என்றார் கணவர் ஞானதிரவியம். எண்ணப் பலகையில் யாருடனோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் பதித்த செவிச்சில்லு, நினைத்த மாத்திரத்தில் நினைத்ததை அந்தப் பலகையில் ஏற்றி ஊருக்கே சொல்லிவிடும். யோசிக்க அவகாசமே தராது. அதனால்தான் எல்லாருக்கும் அதைப் பிடித்திருந்தது.

ஒன்பதே காலுக்கு நாலாம் சுரங்கத்தின் கூரை சரிந்தது. உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. ஏன் சரிந்தது என்பது மட்டும் ஞானதிரவியத்துக்குத் தெரிந்துவிட்டது. ஊரை ஆளும் மன்றத்தின் மெத்தனம்தான் காரணம், தன் கட்சி ஆண்டிருந்தால் கூரை நின்றிருக்கும் என்று இருபதாவது நொடியில் எழுதினார். ஐந்து நிமிடத்தில் நானூறு பேருக்கு மேல் பதில் போட்டார்கள். "அந்தக் கூரையப் போட்டதே உங்க ஆளுங்கதான்யா" என்று பாதிப் பேர். மனிதருக்குக் காலைப்பொழுது களைகட்டியது. கீரைப் பண்ணை ஞாபகத்துக்கே வரவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், தோளில் காற்றுக் குப்பியும் கையில் கடப்பாரையுமாக ஒரு மீட்பி. ஊரில் இருந்ததே ஆறு மீட்பு இயந்திரங்கள்.

"பயப்படாதீர்கள். முதலில் அழைத்தவர் நீங்கள். எங்கே சிக்கியிருக்கிறீர்கள்?"

"நான் எங்க சிக்குனேன்? கருத்துல்லா சொன்னேன்!"

மீட்பியை வடிவமைத்தவர்கள் நல்ல மனிதர்கள். விபத்து நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பற்றி எழுதுகிறவர் அதில் மாட்டியவராகத்தான் இருப்பார் என்று நம்பினார்கள். எழுதிய ஒவ்வொருவரையும் வரிசைப்படி நேரில் பார்த்தாக வேண்டும் என்று விதியும் வைத்திருந்தார்கள்.

"இதே முகவரியிலிருந்து இன்னோர் அழைப்பும் உள்ளது," என்றது மீட்பி. "ரத்தினபாய். கீரைப் பண்ணை, மூன்றாம் தொட்டி. பத்து மணி வரை காற்று இருக்கிறது."

ஞானதிரவியம் மீட்பியைப் பிடித்துத் தெருப்பக்கம் தள்ளினார். "அங்க போய்யா! ஓடு!"

"போவோம். அவருக்கு முன்னால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் உங்களுக்குப் பதில் எழுதியவர்கள். அவர்களே தங்கள் பதிவை அழித்தால்தான் வரிசை குறையும்."

தானே ஓடலாமென்றால், விபத்துச் சங்கு ஊதியதும் சுரங்கப் பாதைகள் மனிதர்களுக்கு அடைபட்டுவிடும். பலகையில் கெஞ்சினார். 'என் ரத்தினம் உள்ளே இருக்கிறாள். தயவுசெய்து எல்லாரும் உங்கள் பதிவை அழியுங்கள்.'

பதினொரு பேர் அழித்தார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் நாடகம் என்றார்கள். மற்றவர்கள் அழிக்க மனமில்லாமல் அவருக்கு ஆறுதல் எழுதினார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு அவர் கட்சித் தலைமையிலிருந்து முதல் இரங்கல் வந்தது: 'ரத்தினபாய் அம்மையாரைக் கொன்ற மன்றமே, பதவி விலகு!'

அவளுக்கு இன்னும் கால் மணி நேரம் காற்று இருந்தது.