திரைக்குக் கீழே ஈரக் கால்கள்

எழுபத்தொன்பதாம் வருடம். டத்தோ கிராமாட்டில் சாலையைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. தொடை எலும்பு முறிந்தது. பினாங்கில் ஒரு பழைய மருத்துவமனை, பெயர் வேண்டாம். அங்கே பெண்கள் வார்டில் படுக்க வைத்து, என் காலைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் முனையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டார்கள். புரள முடியாது. தலையை மட்டும் திருப்பலாம். அதனால்தான் கண்ணுகளா, மற்றவர்கள் பார்க்காததை நான் பார்க்க நேர்ந்தது.

டாக்டர் வந்தால் கட்டிலைச் சுற்றிச் சக்கரம் வைத்த பச்சைத் துணித் திரையை இழுத்து நிறுத்துவார்கள். துணிக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் திறந்திருக்கும். உள்ளே நிற்பவர்களின் கால்கள் மட்டும் எனக்குத் தெரியும். பொழுது போகாமல் கால்களை எண்ணிக்கொண்டு கிடப்பேன்.

என் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. வார்டு துடைக்கும் சின்னம்மா அதன் கீழே மட்டும் திரும்பத் திரும்பத் துடைப்பாள்.

“இங்க காயவே மாட்டேங்குது அக்கா. பைப்பும் இல்ல, கூரையும் ஒழுகல. எங்கேருந்துதான் தண்ணி வருதோ.”

“இதுல யாரு படுத்திருந்தா?”

துடைப்பம் நின்றது.

“ஒரு தமிழம்மா. மூஞ்செல்லாம் வீங்கிப்போய் வந்தாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு புருஷன் சொன்னாரு. அவங்களும் ஆமான்னாங்க. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதே வாரம் திரும்பத் தூக்கிட்டு வந்தாங்க.” வாளியை எடுத்துக்கொண்டாள். “அப்போ கட்டில் தேவைப்படல லா.”

மறுநாள் அந்தக் கட்டிலுக்குப் புஷ்பராணி வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்து வருடம் ஆகவில்லை. இங்கே அவளுக்கு ஒரு சொந்தமும் கிடையாது, மலாய் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு கண் மூடிக் கிடந்தது. மூச்சை அரைகுறையாக, பயந்து பயந்து இழுத்தாள்.

கணவன் ஸ்ரீஸ்கந்தராஜா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் பழுப்பு ஷூ, மெல்லிய குரல். கோயில் திருநீற்றை எடுத்து மனைவியின் நெற்றியில், சரியாக அந்தக் கன்றிய இடத்தில், விரலால் அழுத்திப் பூசினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“குடுத்து வெச்சவ,” என்றாள் எதிர்க் கட்டில்காரி. “என் வீட்டுக்காரரு வந்து எட்டிப் பார்த்தாருன்னா அன்னிக்கு மழைதான்.”

உண்மையிலேயே வெளியே மழை பிடித்துக்கொண்டது. பகல் நேரமே வார்டு இருண்டது. திரையை இழுத்தார்கள். நர்ஸ் ரோஹானா மலாயில் கேட்டாள், எங்கே வலிக்கிறது என்று. அவன் தமிழில் மாற்றிச் சொன்னான். புஷ்பராணி முனகினாள்.

“விலா நோகுது. மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு.”

அவன் ரோஹானாவிடம் மலாயில் சொன்னான்: கொஞ்சம் தலைவலியாம், நாளைக்கே வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறாளாம். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு பாஷையும் தெரியும்.

சொட்.

திரைக்குக் கீழே பார்த்தேன். ரோஹானாவின் வெள்ளை ஷூ. அவனுடைய பழுப்பு ஷூ. புஷ்பராணியோ கட்டிலில் படுத்திருக்கிறாள்.

நடுவே இன்னொரு ஜோடிக் கால்கள்.

வெறுங்கால்கள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவை போல் வெளுத்து, தோல் சுருங்கி இருந்தன. மெட்டி கிடந்த விரல்களில் வளையமாகத் தழும்பு. அவற்றைச் சுற்றித் தரையில் ஈரம் பரவியது. குளியல் சோப்பும் பாசியும் கலந்த வாடை வந்தது.

திரையை விலக்கினார்கள். உள்ளே இருவர் மட்டும்தான் நின்றார்கள்.

அவன் போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். “தங்கச்சி, நெசமாவே வழுக்கித்தான் விழுந்தீங்களா?”

“ஓம் அக்கா. வழுக்கித்தான்.”

சொட்.

அவள் தலையணையில் ஈரம் ஊறியது. விரித்துப்போட்டிருந்த முடி ஒன்றாகச் சேர்ந்து, முறுக்கிக்கொண்டு, பின்னால் இழுபட்டது. கழுத்து வளைந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

கை எதுவும் தெரியவில்லை.

பிடி தெரிந்தது.

சாக்கடையில் நீர் இறங்குவது போல ஒரு குரல்: “நானும் அப்படித்தான் சொன்னேன்.”

முடி தளர்ந்து விழுந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

விடிந்ததும் ரோஹானாவைக் கூப்பிட்டேன். அவன் மாற்றிச் சொன்னதைச் சொன்னேன். தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. புஷ்பராணியின் கட்டிலுக்குக் கீழே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு என் போர்வையைச் சரிசெய்துவிட்டு, “அவன் வரட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

பார்வை நேரத்தில் அவன் வந்தான். டாக்ஸி வெளியே நிற்கிறது என்றான். கீழே கவுண்டரில் அவன் கையெழுத்து வேண்டும் என்றாள் ரோஹானா.

“இவளையும் கூட்டிக்கொண்டு போறன்.”

சக்கர நாற்காலி இன்னும் வரவில்லை என்று அவள் முகம் மாறாமல் சொன்னாள். அவன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

ரோஹானா இரண்டு கட்டில்களையும் சேர்த்துச் சுற்றித் திரையை இழுத்தாள். நானும் உள்ளே. ஸ்டூலைப் போட்டு, புஷ்பராணியின் கண்ணுக்குத் தாழ்வாக உட்கார்ந்து கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

“உங்க புருஷன் இங்க இல்ல. நீங்க சொல்றது அவர் காதுக்குப் போகாது. உங்கமேல தப்பு எதுவும் இல்ல. உங்கள யாராச்சும் அடிக்கிறாங்களா?”

அவள் திரைப் பக்கம் பார்த்தாள்.

சொட். சொட். சொட்.

ஈரம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்தது. அந்தக் கால்கள் கட்டிலின் தலைமாட்டில் வந்து நின்றன. கணுக்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை. விரல்கள் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

புஷ்பராணி வாயெடுத்தாள். “நான் பாத்ரூமில...”

தலையணையில் கிடந்த முடி அசைந்தது.

ரோஹானா அவள் கையைப் பிடித்தாள். அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தாள்.

“அவர்தான்,” என்றாள் புஷ்பராணி. “காலால உதைச்சவர். இண்டைக்கு வீட்ட போனா நான் செத்துப்போவன், அக்கா.”

சொட்டுவது நின்றது.

ரோஹானா டாக்டரைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அங்கேயே முடிந்தது. அழுக்குத் துணி ஏற்றும் பின்பக்க லிஃப்டில் புஷ்பராணியைக் கொண்டுபோனார்கள். எங்கே என்று என்னிடமும் சொல்லவில்லை.

அவன் திரும்பி வந்து திரையை விலக்கினான். காலிக் கட்டில். அப்போதும் புன்னகை மாறவில்லை.

“எங்க அவ?”

“தெரியாது தம்பி.”

என் கால் கயிற்றைப் பிடித்தான். எடைக்கற்களை மெல்ல, மெல்லக் கீழே அழுத்தினான். எலும்புக்குள் நெருப்பு ஓடியது.

“கால் உடைஞ்ச பொம்பிளையளுக்கு வாய் எதுக்கு, அக்கா?”

ரோஹானா காவலாளியோடு ஓடி வந்தாள். அவன் கயிற்றை விட்டுவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, பணிவாகச் சொன்னான். என் மனைவி வழுக்கி விழுந்தவள், வேறொன்றுமில்லை.

சொட்.

அவன் குனிந்து பார்த்தான். ஷூ தண்ணீரில் நின்றது. பிறகு தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே என்ன கண்டானோ, முகம் வெளிறிப்போனது. ஒரு வார்த்தை பேசாமல் வாசலுக்கு நடந்தான்.

சிமெண்டுத் தரையில் ஷூத் தடங்கள். ஒவ்வொரு தடத்தையும் ஒட்டி ஒரு சின்ன வெறுங்கால் தடம், கைகோத்துக்கொண்டு நடப்பது போல. இரண்டும் படியிறங்கிப் போயின.

அன்றோடு அந்தக் கட்டிலுக்கு அடியில் காய்ந்துவிட்டது. “அவரு கூடவே போயிட்டாங்க போல,” என்றாள் சின்னம்மா. புஷ்பராணி பிழைத்துக்கொண்டாள். அந்த ஈரக்கால் அம்மாவுக்கும் வேலை முடிந்தது என்றுதான் இத்தனை வருடம் நானும் நினைத்திருந்தேன்.

போன வாரம் இதே இடத்தில் நீங்கள் எல்லாரும் கதை கேட்க உட்கார்ந்திருந்தீர்கள். உங்களில் ஒருத்தி வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். மணிக்கட்டு என்னம்மா ஆச்சு என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. “பாத்ரூம்ல வழுக்கிட்டேன் அக்கா,” என்று சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள்.

நீங்கள் போன பிறகு நாற்காலிகளை எடுத்து வைத்தேன். மத்தியானம் நான் துடைத்துக் காயவிட்ட தரை. ஒரே ஒரு நாற்காலிக்கு முன்னால், அதைப் பார்த்தபடி, இரண்டு ஈரக்கால் தடங்கள்.

யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம், கண்ணுகளா. கதை முடிந்தது. ஒவ்வொருவராக என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். அவள் கடைசியாக வரட்டும். வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருப்பவர் காத்திருக்கட்டும். கதவைச் சாத்திவிட்டு நான் கேட்பேன். இந்தத் தடவை அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே அம்மா.

உன் நாற்காலிக்குக் கீழே இப்போதே ஈரமாக இருக்கிறது.