சாரங்காவைத் திரும்பிப் பார்த்தவர்கள்

கேசரி காரில் போகிறவரின் இருக்கை எந்நேரமும் சூடாக இருக்கும். அது தெருவின் பொறாமை. வல்லூறில் போனால் முதுகில் சிலிர்ப்பு ஏறும். நடந்து போகிறவர்கள் அஞ்சி ஒதுங்குகிறார்கள் என்று அர்த்தம். மயூராவில் உட்கார்ந்தால், யாரோ பாராட்டிக் கைகுலுக்கியது போல உள்ளங்கை இதமாகக் கூசும்.

வேகத்துக்காகப் பந்தயக் கார் வாங்கிய காலம் எப்போதோ போய்விட்டது. கோயம்புத்தூரில் எல்லா வண்டிகளையும் நகரக் கணினியே ஒரே வேகத்தில் ஓட்டியது. ஆகவே கம்பெனிகள் வேறொன்றை விற்றன. காரின் முகப்பில் பதித்த மனவேற்பி, சாலையில் நிற்பவர்களின் மூளை அலைகளைப் படித்தது. அவர்கள் அந்தக் காரைப் பார்த்து என்ன உணர்ந்தார்களோ அதை உள்ளே இருப்பவருக்குக் கடத்தியது.

மிருணாளினி மயூரா கம்பெனியில் எதிர்வினைப் பிரிவின் தலைவி. எந்த வளைவு எத்தனை பேரைத் திரும்ப வைக்கும், எந்தச் சிவப்பு எரிச்சலூட்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் கொஞ்ச நாளாகவே கம்பெனிக்குச் சரிவுதான். ஊரில் பாதிப்பேர் பந்தயக் காரில் போனார்கள். மீதிப்பேருக்குத் திரும்பிப் பார்த்துச் சலித்துவிட்டது. கேசரி, வல்லூறு, மயூரா எல்லாவற்றின் இருக்கைகளும் ஆறிக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அண்ணன் சபாபதி பீளமேட்டிலிருந்து கூப்பிட்டார்.

"அம்மிணி, ஞாயித்துக்கெழம பழைய வண்டிகளுக்கு ரோடு தொறந்து விடறாங்க. சாரங்காவ எடுக்கறேன். கூட வர்றயா?"

சாரங்கா அவருடைய மஞ்சள் நிறப் பெட்ரோல் கார். அதைச் செய்த கம்பெனி மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. வருடத்துக்கு ஒருநாள்தான் அதைச் சாலையில் ஓட்ட அனுமதி.

"வர்றனுங்ணா. முன்னாடி ஒரு மனவேற்பிய ஒட்டிக்கட்டுங்களா? சும்மா பாக்கறதுக்குத்தான்."

"எதையோ ஒட்டிக்கோ. ஆனா முன்சீட்டுலதான் நீ உக்காரோணும்."

முன்சீட்டு என்றதுமே அவளுக்குக் கல்லூரிக்குப் போன காலைகள் நினைவுக்கு வந்தன. சபாபதி அப்போது செட்டிபாளையம் ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார். தினமும் அவளைச் சாரங்காவில்தான் கொண்டுபோய் விடுவார். பஸ் ஸ்டாப்பில் பையன்கள் விசிலடிப்பார்கள். பால் கேன் கட்டிய வண்டிக்காரர் பிரேக் போட்டு நின்று பார்ப்பார். அவள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வாள். "எல்லாரும் பாக்கறாங்கண்ணா, மெதுவாப் போங்க" என்று கெஞ்சுவாள். "பாக்கட்டும். பாக்காட்டி எதுக்கு இந்த வண்டி?" என்று இன்னும் அழுத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை சாரங்கா இருமி, உதறி, கடைசியில் உறுமியது. அவினாசி ரோட்டில் சபாபதி கியரை மாற்றும்போதெல்லாம் அந்த அதிர்வு மிருணாளினியின் விலா எலும்பு வரை வந்தது. அவளையறியாமல் சிரித்தாள்.

சிக்னலில் நின்றபோது பெண் போலீஸ் ஒருவர் அருகில் வந்தார். அபராதம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர் பானட்டின்மேல் கையை வைத்தார்.

"எங்கப்பா மெக்கானிக்குங்க. அவரு சட்டைல இந்த வாசம்தான் அடிக்கும்."

பச்சை விழுந்த பிறகும் கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பேக்கரிக்காரர் கரண்டியோடு சாலைக்கே ஓடிவந்தார். "அண்ணா, ஒருக்கா ஆக்ஸிலேட்டர அழுத்துங்ணா!" சபாபதி அழுத்தினார், சாரங்கா உறுமியது. கடையே கைதட்டிச் சிரித்தது. பிறகு என்னவோ, கைதட்டுவதை நிறுத்திவிட்டு எல்லோரும் காரையே பார்த்து நின்றார்கள்.

முகப்பில் ஒட்டியிருந்த மனவேற்பி பழுதாகிவிட்டது என்று மிருணாளினி முதலில் நினைத்தாள். அது காட்டியது பொறாமையில்லை, அச்சமில்லை, பாராட்டுமில்லை. அவள் நெஞ்சு இனிமையாக வலித்தது. பிரிவின் அட்டவணையில் இல்லாத உணர்ச்சி அது. ஏக்கம்.

"அண்ணா, இவங்க நம்மளப் பாக்கலீங்ணா. அவங்கவங்க வீட்டு ஆளப் பாக்கறாங்க."

சபாபதி வண்டியை ஓரங்கட்டினார். சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் போய், இந்த வண்டியும் போச்சுன்னா இதெல்லாம் எங்கிருக்கும் அம்மிணி? எப்படியாச்சும் புடிச்சு வெச்சுக்க முடியுமா?"

அந்தக் கேள்விதான் அவளை மறுநாள் மனவேற்பியில் இருந்த பதிவோடு முதலாளி ஆனந்தவேலுவின் அறைக்குக் கொண்டுபோனது. அவர் அதை உணர்ந்து பார்த்தார். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும் கேட்டார்:

"இதை உள்வாங்க மட்டும்தான் முடியுமா? திருப்பி அனுப்பவும் முடியுமா?"

முடியும். ஏற்பியைத் திருப்பினால் அதுவே பரப்பி. மிருணாளினி தயங்கினாள். தெருவில் போகிறவர்களின் நெஞ்சில் அவர்களைக் கேட்காமல் ஒன்றைப் போடுவது சரியா? ஆனால் அண்ணனின் ஈரக் கண்கள் நினைவுக்கு வந்தன. அந்த ஒரு காலையாவது உலகத்தில் மிஞ்சட்டும் என்று ஒப்புக்கொண்டாள்.

அடுத்த மயூரா வெள்ளை நிறத்தில், சத்தமே இல்லாமல் வந்தது. அந்த ஏக்கத்தைப் பரப்பியபடி அது கடக்கும்போது நடைபாதையில் போனவர்கள் நின்றார்கள். எதையோ தொலைத்தவர்கள் போலத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய ஏக்கம் உள்ளே இருப்பவர்களுக்கு மறுபடி வந்து சேர்ந்தது. ஊரே முன்பதிவு செய்தது. கேசரியும் வல்லூறும் கடையைச் சாத்தின.

சில மாதங்களில் சபாபதி கூப்பிட்டார். குரலில் சின்னப் பையனின் குதூகலம்.

"அம்மிணி, நானும் ஒரு மயூரா புக் பண்ணிட்டேன்."

"உங்களுக்கு எதுக்குங்ணா?"

"நேத்து நம்ம வீதியில ஒண்ணு போச்சு. பாத்ததும் நெஞ்சே அடைச்சிருச்சு. உன்னையக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனது அதுலதான?"

"அது சாரங்காங்ணா. மஞ்சக் கலரு."



"அப்படியா? எனக்கு வெள்ளையாத்தான் ஞாபகம் வருது. சத்தமே இருக்காதே, பூ மாதிரிப் போகுமே? மஞ்ச வண்டி ஒண்ணு ஷெட்ட அடைச்சுட்டு நிக்குது. அத எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

மிருணாளினி ஓடினாள். அவள் பீளமேடு போய்ச் சேர்ந்தபோது பழைய இரும்பு ஏற்றும் லாரி வாசலில் நின்றது. சாரங்காவுக்குச் சங்கிலி மாட்டியாகிவிட்டது. அவள் கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். பெட்ரோல் வாசம் இருந்தது, கிழிந்த தோலுறை இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பழைய இரும்பில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

அப்போது வீதியில் ஒரு வெள்ளை மயூரா ஓசையின்றிக் கடந்தது. மிருணாளினியின் கண்கள் நிறைந்தன. அந்த வலியைப் பலருடைய ஏக்கங்களிலிருந்து அடுக்கிச் சேர்த்தவளே அவள்தான். இது அந்தப் பெண் போலீஸுடையது, இது பேக்கரிக்காரருடையது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க அவளால் முடிந்தது. தன்னுடையது எது என்று தேடினாள். அகப்படவில்லை.

"ஏனுங்க, எறங்குனீங்கன்னா வண்டிய ஏத்திருவேன்" என்றார் லாரிக்காரர்.

வெள்ளை கார் முனை திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி அவள் இறங்கினாள்.

"எடுத்துட்டுப் போங்க."